பந்தை அடித்தவள் நான்

சரவணா,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை. நான் நலமாகத்தான் இருக்கிறேன், உன் அப்பாவும் நலம்தான். ஆனால் உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் சாதாரணக் கோபம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் கொஞ்சம் குரலை உயர்த்திய உடனே, "யம்மா, மீட்டிங் இருக்கு, அப்பறம் கூப்புடுதேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம். கிழிப்பதாக இருந்தாலும் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அதைத்தான் சொல்ல வந்தேன். இருக்கன்குடிக் கோயிலில் பேரனுக்கு முடி இறக்க நாள் குறித்தாயிற்று என்று ஆரம்பித்தாய். எனக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது. "எங்க மேனேஜரும் குடும்பத்தோட வாராரும்மா. நம்ம பக்கம் பட்டாசு எப்படிச் செய்தாகன்னு பாக்கணுமாம்" என்றாய். "வரட்டும்லே, நல்லா வரட்டும். கெடாக்கறி சாப்புடுவாகளா, இல்ல தனியாப் பருப்பு வைக்கணுமா?" என்று கேட்டேன். நீயோ குரலைத் தணித்துக்கொண்டு, "யம்மா, ஒண்ணே ஒண்ணு. அவரு முன்னால அந்தக் கோல்ஃப் கேமப் பத்தி வாயத் தொறந்துராத. ஒனக்கு ஒண்ணுந் தெரியாத மாதிரி இரு" என்றாய். நான் வாயடைத்து நின்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டாய். அது சம்மதம் இல்லை. என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது கிடைத்திருக்கிறது.

யார் எனக்கு அந்த விளையாட்டைக் கொண்டுவந்து கொடுத்தது? போன தீபாவளிக்கு வந்தபோது, பேரன் முகத்தைப் பார்க்கலாம் என்று சொல்லி முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்தது நீ. போன் வயரை இழுத்து நெட் கொடுக்க வைத்தது நீ. அந்த விடுமுறை முழுக்கப் பேரனைக்கூடத் தூக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததும் நீதான். பச்சைப் புல்வெளி, தூரத்தில் கொடி நட்ட ஒரு குழி, கையில் மட்டையோடு ஒரு பொம்மை ஆள். பந்தை அடித்து அந்தக் குழிக்குள் போட வேண்டும். குறைந்த அடியில் போடுகிறவருக்கு ஜெயம். எந்தெந்த ஊரிலோ இருக்கிற ஆட்கள் அவரவர் வீட்டிலிருந்தே உன்னோடு ஆடினார்கள், எல்லோரும் உன்னை ஜெயித்தார்கள். நீ மேசையைத் தட்டிக்கொண்டே, "நெட்டு ஸ்லோம்மா, மவுசு சரியில்லம்மா" என்று சொன்னாய். கிளம்புகிற அன்றைக்கு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "யம்மா, தினம் ஒரு தடவ இதுக்குள்ள போயி, ஏதாவது ஒரு குழி ஆடிரு. போகலன்னா என் பாயிண்டு கொறஞ்சிரும். தோத்தாலும் பரவால்ல, சும்மா அமுக்கு" என்றாய். பாஸ்வேர்டை எப்படி அடிப்பது என்று ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினாய். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாய்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் பந்து நகரவே இல்லை. அதில் மூன்று அமுக்கு இருக்கிறது, உனக்குத் தெரியும். முதல் அமுக்கில் கீழே ஒரு கோடு ஓடத் தொடங்கும். இரண்டாவது அமுக்கில் எவ்வளவு பலம் என்று முடிவாகும். கோடு திரும்பி வரும்போது வெள்ளைக் குறியில் மூன்றாவது அமுக்கு அமுக்கினால் பந்து நேராகப் போகும். நான் முதல் அமுக்கு அமுக்கிய உடனே கையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொள்வேன். கோடு ஓடும், திரும்பும், நிற்கும். பந்து இருந்த இடத்தில் இருக்கும். ஏன் நகரவில்லை என்றே எனக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டு மகேசுவரிதான் கண்டுபிடித்தாள். சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறாளே, உன்னோடு சண்டை போடுவாளே, அவள்தான். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பெரியம்மா, என்ன செய்தீக? வெடிக்குத் தீயா வைக்கீக? கைய ஏன் இழுக்கீக?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பட்டாசு ஆலையில் புஸ்வாணம் அடைக்கிற ஷெட்டில் எத்தனை வருசம் உட்கார்ந்தவள் நான். கையில் ஏதாவது உரசினால், யோசிக்காதே, கையை எடு, விலகு. அந்தப் பாடம் தூக்கத்தில்கூட என் உடம்பில் இருக்கும். பொம்மைப் பந்துக்கும் அந்தக் கை அப்படித்தான் விலகியது. உன் அப்பா பேப்பரை இறக்காமலே, "வச்சது வச்ச கையா அங்கனயே இருக்கட்டும். பந்து ஒண்ணும் வெடிக்காது" என்றார். கையை அங்கேயே வைக்கப் பழகுவதற்கே எனக்குப் பல நாள் ஆயிற்று.

அதற்குப் பிறகு நான் சும்மா அமுக்கவில்லை. உனக்கு அது தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஒரே குழியைத் திரும்பத் திரும்ப ஆடினேன். மேலே ஒரு அம்புக்குறி காற்று எந்தப் பக்கம் என்று காட்டுகிறதே, அது அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பந்து இரண்டு தடவை ஒரே தண்ணீரில் விழுந்த பிறகு அம்பைப் பார்த்தேன். எதிர்க்காற்று என்றால் பலம் கூட்ட வேண்டும். பக்கக்காற்று என்றால் கொடியைக் குறி பார்க்கக்கூடாது, கொடிக்குக் காற்று வருகிற பக்கம் பார்த்து அடித்தால் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். குழிக்குப் பக்கத்தில் போன பிறகு தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும். அந்த இடத்தில்தான் முக்கால்வாசி ஆட்டம் இருக்கிறது. நீ அதை ஒருநாளும் பார்த்ததில்லை. உனக்கு எப்போதும் பெரிய மட்டை, எப்போதும் முழுப் பலம். சின்ன வயசிலும் அப்படித்தான். சரவெடியைப் பிரித்து ஒவ்வொன்றாக வெடி என்றால் கேட்கமாட்டாய். மொத்தமாகக் கொளுத்திவிட்டு, தெருவெல்லாம் இன்னும் வெடித்துக்கொண்டிருக்கும்போது நீ வெறுங்கையோடு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

இன்னொன்றும் நானாகத்தான் தெரிந்துகொண்டேன். கோடு வெள்ளைக் குறிக்கு வந்தபிறகு அமுக்கினால் பிந்திப்போகிறது. நம் வீட்டு நெட் நாம் அமுக்கியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கொஞ்சம் தாமதம் ஆகிறது. அதனால் கண் இமைக்கிற நேரம் முந்தி அமுக்க வேண்டும். சாயங்காலம் ஊரே நெட்டில் இருக்கும்போது இன்னும் கொஞ்சம் முந்தி. காலையில் கரண்ட் போய் வந்த உடனே என்றால் யாரும் இருக்கமாட்டார்கள், குறிக்கு நேராகவே அமுக்கலாம். ஒருநாள் பாதி ஆட்டத்தில் கரண்ட் போய்விட்டது. நான் கரண்ட் ஆபீசைத் திட்டிய திட்டைக் கேட்டு உன் அப்பா, "ஏலா, மில்லுக்காரன்கூட இப்படித் திட்டமாட்டான். ஒனக்கு என்ன ஏத்தவேண்டிய லோடா நிக்கி?" என்று கேட்டார். எனக்கு லோடுதான். கடைசிக் குழியில் பந்து குழி வாசலில் நின்றது, தெரியுமா உனக்கு?

ஆட்டத்தில் உன் பேருக்குப் பக்கத்தில் எந்த வரிசை என்று காட்டுகிற அடையாளம் மாறி மாறி மேலே போனது. ஒருநாள் நீ போன் செய்து, "யம்மா, என் கணக்குல யாரு ஆடுதா?" என்று கேட்டாய். நான்தான் என்றேன். "சும்மா சொல்லும்மா. மகேசுதான?" என்றாய். நீ நம்பாததே எனக்கு முதல் அடி. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. கேமராவைத் திருப்பி வைத்து உன் கண் முன்னால் ஆடிக் காட்டினேன். தீவு மாதிரி தண்ணீருக்கு நடுவில் இருக்குமே ஒரு குழி, அதில் ஒரே அடியில் பந்தைக் கொடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய். "யம்மா! யம்மா!" என்று நீ கத்தியதில் பேரன் முழித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. நீ பத்தாவது பாஸ் பண்ணி வந்தபோது எனக்கு எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது. என் மகன் என்னைப் பார்த்து அப்படிக் கத்தினானே என்று.

அதற்குப் பிறகு நீ தினமும் சாயங்காலம் போன் செய்ய ஆரம்பித்தாய். கல்யாணத்துக்கு முன்னால்கூட நீ அப்படிச் செய்ததில்லை. "யம்மா, மணல் பள்ளத்துல விழுந்தா எந்த மட்ட எடுக்க?" "யம்மா, எறக்கத்துல எம்புட்டுப் பலம் வைக்க?" நான் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு வந்து சொல்லுவேன். மணலில் விழுந்தால் சின்ன மட்டை, நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடப் பலம். இறக்கத்தில் பந்தை உருட்டாதே, தட்டிவிடு, அதுவாகப் போகும். நீ "ம், ம்" என்று கேட்பாய். இத்தனை வருசத்தில் நான் சொல்வதை நீ அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு உன் அப்பாவிடம், "பாத்தீகளா, எம் மகன் இப்பந்தான் எங்கிட்டப் பேசுதான்" என்று பெருமையடித்துக்கொள்வேன். மகன் பாசத்தில் பேசுகிறான் என்று நினைத்தேன், சரவணா. அந்த நினைப்புக்காகத்தான் இப்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நீ பேசியது வேறு மாதிரி இருந்தது. "யம்மா, நாளைக்கு எங்க மேனேஜரு என் கணக்கோட ஆடணுங்காரு. அவரு அவரு வீட்டுல இருந்து ஆடுவாரு. நீயே ஆடிரு." சரி என்றேன். "ஆனா கடைசியில தோத்துரு." நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து, "என்னலே?" என்றேன். "ஒரு ரெண்டு பந்தத் தண்ணிக்குள்ள போடு. அவரு பெரிய ஆளு, ஜெயிச்சாச் சந்தோசப்படுவாரு. எனக்குப் ப்ரமோஷன் நேரம்." உன் அப்பாவும் அன்றைக்கு உன் பக்கம்தான். "விட்டுக் குடுத்துட்டுப் போயேன். பையன் பொழப்பு. ஒரு பந்து தண்ணிக்குள்ள விழுந்தா ஒனக்கென்ன கொறஞ்சிரும்?" என்றார்.

எனக்கு உன் அப்பத்தா ஞாபகம் வந்தாள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில், மத்தியானம் வேலை ஓய்ந்ததும் உன் அப்பத்தா தரையில் தாயக்கட்டம் வரைவாள். உன் பெரியம்மா எனக்கு முன்னால் வந்த மருமகள் இல்லையா, அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அத்தைக்கு விட்டுக் குடுத்துத்தான் ஆடணும். அதான் இங்கன மொற" என்று காதில் ஓதினாள். எனக்குத் தாயம் விழுந்தது. உன் அப்பத்தாவின் காய் பழுக்கப் போகிற நேரம். நான் அதை வெட்டினேன். உன் பெரியம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. உன் அப்பத்தா சோழியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனவள், பிறகு என்னோடு பேசவே இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். உன் அப்பாவும் என்னைத்தான் திட்டினார். அப்புறம் ஒரு மத்தியானம் அவளாகச் சாக்கட்டியோடு வந்து கட்டத்தை வரைந்து, "வாடி, ஒக்காரு. அன்னைக்கு வெட்டுனேல்ல, இன்னைக்குப் பாப்போம். அவகூட ஆடுனா எனக்குத் தூக்கந்தான் வருது" என்றாள். சாகும் வரைக்கும் அவள் ஆடுவதற்கு என்னைத்தான் கூப்பிட்டாள். விட்டுக்கொடுக்கிறவளை அவள் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாளே தவிர, ஒருநாளும் எதிரே உட்காரவைக்கவில்லை.

அதனால் நான் தண்ணீருக்குள் போடவில்லை. உன் மேனேஜர் நன்றாகத்தான் ஆடினார், அதை மறைக்க வேண்டியதில்லை. அவசரப்படாத ஆள். கடைசிக் குழி வரைக்கும் சரிசமம். அவர் பந்து மணலில் விழுந்தது. என் பந்து மேட்டில் நின்றது. உன் அப்பா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து, "தண்ணி அங்கன இருக்கு, பாத்துக்க" என்று வலது பக்கம் கையைக் காட்டினார். எனக்கு இடது பக்கம் காற்று. நான் அம்பைப் பார்த்து, மட்டையை மாற்றி, மெதுவாகத் தட்டினேன். பந்து சரிவில் இறங்கி, ஒரு வளைவு வளைந்து, குழிக்குள் விழுந்தது. உன் அப்பா, "போச்சு போ" என்றார், ஆனால் அவர் கை தட்டிய சத்தம் எனக்குக் கேட்டது. உன் மேனேஜர் இங்கிலீஷில் ஏதோ எழுதினார். மகேசு படித்துச் சொன்னாள்: "இம்புட்டு நல்ல ஆட்டத்தை நான் பாத்ததில்லை, திங்கக்கெழம எனக்குச் சொல்லிக் குடுன்னு எழுதிருக்காரு பெரியம்மா." தோற்றவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். ஜெயித்த என்னை நீதான் போனில் கூப்பிட்டு, "நான் என்ன சொன்னேன், நீ என்ன செஞ்ச? ஒனக்கு வெளையாட்டு, எனக்கு வேல!" என்று கத்தினாய். மறுநாள் காலையில் கரண்ட் வந்ததும் போய் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தேன். சிவப்பு எழுத்தில் தப்பு என்று வந்தது. கைதான் தவறிவிட்டதோ என்று திரும்பத் திரும்ப அடித்தேன். நீ மாற்றிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கதவைப் பூட்டிவிட்டாய்.

மிச்சத்தை ரேவதிதான் சொன்னாள். அவளைத் திட்டாதே. உன் பெண்டாட்டி வெள்ளந்தி, மாமியாருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள். ஆபீசில் உனக்குக் கோல்ஃப் சாம்பியன் என்று பேராமே. மேனேஜர் தன் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து யோசனை கேட்பாராமே. நான் சாயங்காலம் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து சொன்னதையெல்லாம், மறுநாள் காலையில் நீ உன் யோசனையாக அவரிடம் சொன்னாயாமே. மகன் என்னோடு பேசுகிறான் என்று நான் நினைத்த அத்தனை சாயங்காலமும் நீ ஆபீசுக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். திங்கட்கிழமை அவர் தன் முன்னால் ஆடிக்காட்டச் சொல்லிவிடுவார் என்று பயந்து, மணிக்கட்டு சுளுக்கிவிட்டது என்று துணியைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனாயாம். "சோறுகூட எடது கையால ஸ்பூன் வச்சுச் சாப்புடுதாரு அத்தை, வீட்டுலயும் மறந்துபோயி" என்று சொல்லி அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் அவள் சொன்னாள், யார் சொல்லித்தந்தது என்று மேனேஜர் ஒருதரம் கேட்டதற்கு நீ, "எங்க வீட்டுல யாருக்கு சார் தெரியும்? எங்கம்மா அஞ்சாங்கிளாஸ். கம்ப்யூட்டரத் தொடச் சொன்னாலே பயப்படுவாங்க" என்று சொன்னாயாம். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அஞ்சாங்கிளாஸ் என்பதில் எனக்கு வெட்கம் இல்லை. என் அப்பா அனுப்பியது அவ்வளவுதான், நான் போனவரைக்கும் ஒழுங்காகப் போனேன். பயம் என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மருந்து அடைக்கிற ஷெட்டில் உட்கார்ந்து உன்னைப் படிக்கவைத்தவளைப் பார்த்து, மவுசைத் தொடப் பயப்படுவாள் என்று சொல்ல உனக்கு நாக்கு எப்படி வந்தது? ஷெட்டில் நாங்கள் கட்டுகிற ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு போடுவோம், கட்டியவளின் நம்பர் இருக்கும். ஒரு புஸ்வாணம் புகைந்து போனது, ஒன்று சாய்ந்து போனது என்று புகார் வந்தால் அந்த நம்பரைப் பார்த்து ஆளைக் கூப்பிடுவார்கள். புஸ்வாணம் தென்னை உயரத்துக்குப் பூத்தால் யாரும் சீட்டைத் தேடமாட்டார்கள். அப்போது பெட்டிக்கு மேலே அச்சடித்திருக்கிற கம்பெனிப் பேர் போதும். தப்பு என்றால் என் நம்பர், நல்லது என்றால் கம்பெனி. அங்கே அதுதான் நடைமுறை, நான் அதற்குச் சம்மதித்துத்தான் வேலைக்குப் போனேன். வீட்டில் நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் என்னிடம் கம்பெனி நடத்தக்கூடாது.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஒரு பொம்மை விளையாட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நினைப்பாய். உன் அப்பாவும் அப்படித்தான் கேட்டார். பொம்மை விளையாட்டு என்றால் நீ ஏன் அதற்காகக் கையில் துணி சுற்றினாய்? மேனேஜர் கோபித்துக்கொள்வார் என்று உனக்குப் பயம் இல்லை. தோற்ற அன்றைக்கே அவர் கோபிக்கவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்தாள் என்று தெரிந்தால் நீ சின்னவன் ஆகிவிடுவாய் என்று பயம். ஏலே, நீ நடக்கப் பழகியதும் என் விரலைப் பிடித்துத்தான். அதை யாரிடமாவது மறைத்தாயா?

இன்னொன்று கேட்டுக்கொள். நீ பூட்டிய கதவை நான் தட்டப்போவதில்லை. உன் கணக்கு உனக்கே இருக்கட்டும். மகேசு எனக்குத் தனியாக ஒரு கணக்கு திறந்து கொடுத்தாள். "என்ன பேரு போடட்டும் பெரியம்மா? ஸ்டைலா ஏதாவது வைப்போமா?" என்றாள். என் பேரையே போடு, முழுப் பேரையும் போடு என்றேன். புது ஆள் என்பதால் இருப்பதிலேயே மோசமான மட்டைதான் கொடுத்திருக்கிறார்கள், பந்து பாதி தூரம்கூடப் போகமாட்டேன் என்கிறது. முதல் நாள் யாரோ ஒரு பொடியன் என்னைத் தோற்கடித்துவிட்டுச் சிரிக்கிற பொம்மை அனுப்பினான். பரவாயில்லை. காற்று அதே காற்றுதான், சரிவு அதே சரிவுதான். கீழ்வரிசையில் இருந்து மேலே வந்துகொண்டிருக்கிறேன். உன் கணக்கு கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று மகேசு பார்த்துச் சொன்னாள். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகச் சந்தோஷப்பட்டேன்.

உனக்கு அந்த ஆட்டம் உண்மையாகவே வேண்டுமென்றால் பழகு. யாரும் தடுக்கவில்லை. பெரிய மட்டையைக் கொஞ்ச நாளைக்குத் தொடாதே. தோற்கிற ஆட்டத்தைப் பாதியில் அணைக்காதே, தோற்கும்போதுதான் எங்கே சரிகிறது என்று தெரியும். அமுக்கின கையை அங்கேயே வை. இதை எல்லாம் நான் உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ வேறு ஒருவருக்குச் சொல்வதற்காகக் கேட்டதால் உன் கைக்கு அது வந்து சேரவில்லை.

இனி நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அம்மா திடீரென்று செய்தாள் என்று சொல்லாதே. உன் மேனேஜர் நம் வீட்டுக்கு விருந்தாளி. ரயிலடிக்கு உன் அப்பா வேன் கொண்டுவருவார். இருக்கன்குடியில் அவர் வீட்டம்மாவுக்கும் சேர்த்துப் பொங்கல் பானை வைப்பேன். கறி சாப்பிட்டால் கறி, சாப்பிடாவிட்டால் பருப்பும் அப்பளமும். அவர் முன்னால் உன்னைப் பற்றி ஒரு குறைச்சொல் என் வாயிலிருந்து வராது. நானாகப் போய் அவரிடம் எதையும் சொல்லவும் மாட்டேன், சபையில் மகனைத் தலைகுனிய வைக்கிறவள் நான் இல்லை. ஆனால் அவராகக் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். ஒன்றும் தெரியாத மாதிரியும் இருக்கமாட்டேன். இருக்கத் தெரியாது எனக்கு.

சொல்ல வேண்டியவன் நீ. இருக்கன்குடியில் முடி இறக்கிவிட்டுச் சாத்தூர் வழியாக வீடு திரும்புகிற வழியெல்லாம் வேனில் நேரம் இருக்கிறது. சுற்றி வளைக்காதே, நெட்டைக் குறை சொல்லாதே. ஆடியது எங்கம்மா, எனக்கு ஆடத் தெரியாது. இவ்வளவுதான். சொன்னால் உன் வேலை போய்விடாது. கொஞ்ச நேரம் உன் முகம் சிவக்கும், வேனில் யாராவது சிரிப்பார்கள், பேரன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நீயும் சிரித்துவிடலாம்.

அவ்வளவு தூரத்திலும் உன்னால் முடியவில்லை என்றால், வீடு இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, நான் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவேன். தினமும் அந்த நேரத்துக்கு நான் ஆடுவேன், விருந்தாளி வந்ததற்காக நிறுத்தப்போவதில்லை. உங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காருவேன். நான் முதல் பந்தை அடிப்பதற்குள் நீ வாயைத் திறந்து சொல்லிவிட்டால், எழுந்து திரும்பி அவருக்கு வணக்கம் சொல்லி, பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்வேன். நீ சொல்லாவிட்டால் திரும்பமாட்டேன். என் பேர் திரையில் பெரிதாகத்தான் இருக்கும். அவர் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மா